விற்ற மோட்டாரின் நம்பர்

துவைக்கப் போட்ட சட்டைப் பையில் நாலு நம்பர் லாட்டரிச் சீட்டு ஒன்று கிடைத்தது. அதில் தப்பில்லை. ஜெலுத்தோங்கில் எங்கள் அடுக்குமாடியில் நம்பர் எடுக்காத வீடு ஒன்றைக் காட்டுங்கள் பார்ப்போம். தப்பாகப் பட்டது சீட்டில் இருந்த எண். 4371. என் வீட்டுக்காரர் தனேஷ் மூன்று மாதத்துக்கு முன் விற்றுவிட்ட பழைய மோட்டார் சைக்கிளின் எண் அது.

அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. தினமும் கண்ணில் படுகிற மோட்டாரின் எண்ணைத்தான் எடுப்பார். புது மோட்டார் வந்த பிறகு அதன் எண்ணைத்தான் எடுத்துக்கொண்டிருந்தார். இப்போது மறுபடியும் பழைய எண். விற்ற மோட்டார் தினமும் எப்படிக் கண்ணில் படும்? அதை இப்போது யார் ஓட்டுகிறாள்? ஆமாம், 'ஓட்டுகிறாள்' என்றுதான் எனக்குத் தோன்றியது.

பெரிய மோட்டார் வாங்கச் சொன்னதே நான்தான். அவருக்கு அக்கரையில், பட்டர்வொர்த்தில் கிடங்கு வேலை. காப்சாய் என்று நாங்கள் சொல்லும் அந்தச் சின்ன மோட்டாரில் தினமும் கடல்பாலம் தாண்டிப் போய் வருவார். போன டிசம்பரில் பாலத்தின் நடுவில் காற்றும் கொள்கலன் லாரியும் ஒரே நேரத்தில் வந்து, காப்சாயைக் கைப்பிடிச் சுவர் வரைக்கும் தள்ளிவிட்டன. வீட்டுக்கு வந்தவர் தலைக்கவசத்தைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டார். அந்த நிலையிலும் கிண்டலுக்குக் குறைச்சல் இல்லை.

"நீ பின்னால உக்காந்திருந்தா மோட்டார் அசைஞ்சிருக்காது சுபா. அந்தக் கனம் வேணும்லா."

நான் எழுபத்தெட்டு கிலோ. சிரித்துக்கொண்டே அழுதேன். தொழிற்சாலையில் கூட வேலை செய்கிறவர்களோடு சேர்ந்து மாதாமாதம் போட்ட கூட்டுப் பணத்தில் என் முறைக்கு வந்ததை எடுத்து, கனமான பழைய இருநூற்றைம்பது சிசி மோட்டார் ஒன்றுக்கு முன்பணம் கட்டினேன். கனமான மோட்டாரைக் காற்று தள்ளாது என்றார்கள்.

காற்று தள்ளவில்லை. செலவு தள்ளியது. காப்சாய்க்கு ஒரு போத்தல் எஞ்சின் எண்ணெய் போதும். இது மூன்று போத்தல் குடித்தது, அதுவும் விலை கூடிய போத்தல். காப்புறுதி நாலு மடங்கு. யானையைக் கட்டித் தீனி போட்ட கதைதான். பெட்ரோலுக்கென்று வாரம் நாற்பது வெள்ளி என்னிடம் வாங்கிக்கொள்வார். உயிரைவிடப் பெரிதா நாற்பது வெள்ளி என்று நானும் கொடுத்து வந்தேன்.

சீட்டைப் பார்த்த மறுநாள் காலை மோட்டாரின் மீட்டரைக் கைப்பேசியில் படம் பிடித்தேன். ஆறு நாள் கழித்து மறுபடியும் பார்த்தேன். ஒன்பது கிலோமீட்டர் கூடியிருந்தது. பட்டர்வொர்த் போய் வந்தால் ஒரு நாளைக்கே ஐம்பது ஆக வேண்டும். கணக்கில் நான் மக்கு இல்லை. ஒரு நாளைக்கு ஒன்றரை. அப்படியென்றால் போக முக்கால், வர முக்கால். முக்கால் கிலோமீட்டரில் யார் வீடு? என் காசில் பெட்ரோல், அவளுக்கு என் புருஷனின் காப்சாயா? அந்த வாரம் முழுக்க அவர் கழற்றிப் போட்ட சட்டைகளைப் புரட்டிப் பார்த்தேன். ஆனால் கேட்கவில்லை. கேட்டால் மூக்கைச் சொறிந்துகொண்டு ஒரு பொய் சொல்வார். அதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

திங்கட்கிழமை விடுப்பு எடுத்தேன். சீருடையைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போவது போல் இறங்கி, வாடகைக் கார் ஒன்றைக் கூப்பிட்டு அதற்குள் காத்திருந்தேன். அவர் மோட்டார் கிளம்பியதும் பின்னால் போகச் சொன்னேன். முக்கால் கிலோமீட்டருக்கு ஏழு வெள்ளி. வயிற்றெரிச்சல்.

பெரிய மோட்டார் கோகுலனின் மோட்டார் கடைக்குள் நுழைந்தது. எங்களிடமிருந்து பழைய காப்சாயை வாங்கியவன் அவன்தான். நான் இறங்கி நடப்பதற்குள் அவன் பெரிய மோட்டாருக்குக் கான்வாஸ் போர்த்திக்கொண்டிருந்தான். உள்ளேயிருந்து தனேஷ் காப்சாயில் வெளியே வந்தார். 4371. பின் சீட்டை ஒன்றுக்கு இரண்டு தடவை பார்த்தேன். காலி.

முன்னால் போய் நின்றேன். "யாருக்கு இந்த மோட்டார்?"

அவர் கை மூக்குக்குப் போனது. பாதியிலேயே இறங்கிவிட்டது. "எனக்குத்தான்."

"அக்கா, அண்ணன ஏசாதீங்க," என்றான் கோகுலன். "பெரிசுக்கு ரெண்டு டயரு, செயின் செட்டு எல்லாம் கடன்ல போட்டாரு. வாரம் நாப்பது வெள்ளி கட்டிக்கிட்டு வராரு. அத ஓட்டினா மறுபடியும் தேயும்லா? அதான் காப்சாய விக்காம அவருகிட்டயே குடுத்து வச்சிருக்கேன்."

"எத்தனை நாளா?"

"ஒரு மாசமா," என்றார் தனேஷ், தரையைப் பார்த்துக்கொண்டு. "உன் கூட்டுக் காசு சுபா. கட்டுப்படி ஆகலைன்னு உங்கிட்ட எந்த வாயால சொல்றது?"

வேறு ஒருத்தி இல்லை. நிம்மதியாகத்தான் இருந்தது, ஒரு மூச்சு விடும் நேரத்துக்கு. அப்புறம் பாலம் ஞாபகத்துக்கு வந்தது. காற்றில் அசையாத மோட்டார் கூரைக்கடியில் கான்வாஸ் போர்த்தி நிற்கிறது. இந்த மனிதர் ஒரு மாதமாக அதே காப்சாயில், அதே லாரிகளுக்குப் பக்கத்தில். நான் அவர் சட்டையில் எவள் முடியாவது ஒட்டியிருக்கிறதா என்று தேடிக்கொண்டிருந்த காலையெல்லாம் அவர் அந்தப் பாலத்தின் மேல் இருந்திருக்கிறார். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும் போலிருந்தது.

"பெரிச வித்துடுங்க," என்றேன். "வித்து, கோகுலன் கடன முதல்ல அடைங்க. நாளையிலேருந்து ஃபெர்ரியில போங்க."

"ஃபெர்ரிக்கு இன்னும் முன்னாடி கிளம்பணும் சுபா."

"நான் எழுப்பி விடுறேன்."

"சரி. இன்னிக்கு விடு, ஏற்கெனவே லேட்டு. பெரிசுல பாலம் தாண்டுற அளவுக்குப் பெட்ரோல் இல்ல, இதுலயே பாலத்துல போயாகணும்."

கடைச் சுவரில் தொங்கிய தலைக்கவசத்தை எடுத்துக் கட்டிக்கொண்டேன். நான் பின்னால் ஏறி உட்கார்ந்ததும் காப்சாய் முனகிக்கொண்டு அமுங்கியது. தனேஷ் திரும்பிப் பார்த்தார்.

"நீ எதுக்கு ஏறுற?"

அவர் இடுப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"கனத்துக்கு," என்றேன். "மெதுவாப் போங்க."