உரிக்காத தாள்

மூட்டை தூக்குகிறவர், ஓய்வு நாளில் பாகங்களை வாங்கி கம்ப்யூட்டர் பூட்டி விற்றார். டியூஷன் டீச்சர் ஒன்று வாங்கினாள். நன்றாக ஓடினால் இன்னும் பத்து கேட்பதாகச் சொன்னாள். பத்தும் வந்தால் மூட்டைக்கு முழுக்குப் போடலாம் என்றிருந்தார். பெட்டிதான் திரும்பி வந்தது.

"சூடாகி அணைஞ்சிடுதுண்ணே" என்றாள் டீச்சர்.

உள்ளே சூட்டைத் தணிக்கும் விசிறியைக் கழற்றினார். மாட்டும்முன் உரிக்கவேண்டிய, அடியில் ஒட்டிய பிளாஸ்டிக் தாள் உரிபடாமலே இருந்தது.

"மிட்டாயைத் தாளோட முழுங்கின கதைதான்" என்றாள் மனைவி.

பூட்டும்போது தடவித்தான் பார்த்திருந்தார். காய்த்துப்போன விரலுக்கு அது தட்டுப்படவில்லை. உரித்து மாட்டியதும் பெட்டி நன்றாக ஓடியது.

"மத்த பத்து எப்பம்மா வேணும்?"

"இருக்கட்டும்ணே, கடையிலயே பாத்துக்கறேன்."

அவள் போனதும் மனைவி மெதுவாகக் கேட்டாள்.

"நாளைக்கு மூட்டைக்குப் போறீங்கதானே?"

"போகாம?"