மௌலோலோ மாமாவுக்குக் கேட்காத சங்கு

மாலையில் சங்கு ஒலித்தால் எங்கள் ஊரில் சாலை காலியாகிவிடும். வீடுவீடாக ஜெபம் நடக்கும் நேரம் அது. அடுத்த சங்கு வரும்வரை யாரும் நடமாடக் கூடாது. மீறினால் ஒரு பன்றி அபராதம். இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்ததே ஊர்த் தலைவர்களில் ஒருவரான என் தாய்மாமா மௌலோலோதான். அப்படிப்பட்டவர் ஒருநாள் ஜெப நேரத்தில் கக்கத்தில் ரொட்டியும் வாயில் பாட்டுமாக நடுச்சாலையில் வந்தார். காவல் நின்றவர்கள் மடக்கிவிட்டார்கள்.

மறுநாள் ஊர்ச் சபையில் மாமா குதித்தார். "சங்கே ஊதல! இந்த லாஃபி பய தூங்கிட்டான். பன்னிய அவன் குடுக்கட்டும்!"

சங்கு ஊதும் லாஃபிக்கு இருப்பது ஒரே பன்றி. மகள் கல்யாணத்துக்காக வளர்க்கிறான். "தலைவரே, என் கன்னத்தப் பாருங்க! ஊதி ஊதி ஈரப்பலா மாதிரி வீங்கிக் கெடக்கு!"

"அப்ப இங்கயே ஊது, பாக்கலாம்" என்றார் சபைத் தலைவர்.

லாஃபி மூச்சை இழுத்து ஊதினான். கூரையிலிருந்த பல்லி கீழே விழுந்தது.

"பாத்தீங்களா?" என்றார் மாமா. "ஆரம்பிச்சான், உடனே விட்டுட்டான்!"

லாஃபி கண் பிதுங்க இன்னும் ஊதிக்கொண்டுதான் இருந்தான்.

நான் மாமாவின் காதைப் பார்த்தேன். தலைநகர் ஆபியாவில் முந்தின வாரம் வாங்கிய புதுக் காதுக் கருவி. பள்ளியில் அறிவியல் நடத்துபவன் நான், கேட்காவிட்டாலும் விளக்குவேன்.

"மாமா, அதுக்குள்ள ஒரு சிப் இருக்கு. வர்ற சத்தத்த ஒரு நொடிக்குள்ள ஆயிரக்கணக்கான துண்டா நறுக்கி, ஒவ்வொண்ணையும் எண்ணா மாத்திக் கணக்குப் போடும். போன்ல, கார் ரேடியோவுல எல்லாம் இதே சாதி சிப்தான். மனுசப் பேச்சு ஏறும், எறங்கும், நடுநடுவுல நிக்கும். ஃபேனும் எஞ்சினும் ஒரே மாதிரி இழுக்கும். அப்படி இழுத்தா, 'இது வெறும் இரைச்சல்'னு சிப் அமுக்கிடும். லாஃபி பிசிறில்லாம ஊதறான். அதான் வினை."

"அப்ப சிப்தான் குத்தவாளி. அதுகிட்டயே பன்னிய வாங்குங்க!" என்றார் மாமா உற்சாகமாக.

சபைத் தலைவர் தாடையைத் தடவினார். "அது எங்க குடியிருக்கு?"

"என் காதுல."

"நம்ம ஊர் வழக்கம் என்ன, மௌலோலோ? குடும்பத்துல யார் தப்பு பண்ணாலும் யார் குடுக்கணும்?"

"...குடும்பத் தலைவன்."

சபை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. லாஃபி அப்போதுதான் சங்கைக் கீழே வைத்தான்.

"மாமா, இரைச்சல அமுக்கறத நான் போன்லயே நிறுத்திடறேன்" என்றேன்.

"தொடாதடா! என் மச்சான் விடிஞ்சதும் புல்லு வெட்டற மெஷினத் தூக்கிடறான். ஒரு வாரமா அந்தச் சத்தம் இல்லாம நிம்மதியா இருக்கேன். லாஃபி மாத்தி ஊதட்டும்."

மாமாவின் பன்றியைச் சுட்டுத் தின்ற அன்றே லாஃபி ஊதும் விதத்தை மாற்றிவிட்டான். ஏற்றி, இறக்கி, நிறுத்தி, மறுபடி வெடுக்கென்று ஊதுகிறான்; யாரையோ வாசலில் நின்று திட்டுவதுபோல் இருக்கிறது. மனிதப் பேச்சுதான் என்று நம்பி, சிப் அதை ஒழுங்காக உள்ளே விடுகிறது.

மாமாவும் நம்பிவிடுகிறார். தினமும் மாலையில் அவர் வீட்டிலிருந்து குரல் வருகிறது:

"வந்துட்டேன்டா, வந்துட்டேன்! எதுக்கு இப்படிக் கத்தற?"