துறவியின் கழுதை

"கடைசி வரிப்பா. கண்ணத் திறங்க," என்றபடி மகள் லத்தீன் அகராதியைப் புரட்டினாள். மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு கிடந்தவர் உடனே கண்ணைத் திறந்தார். அரை மணி நேரமாக டாக்டர் கூப்பிட்டும் திறக்காத கண் அது.

லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். வேலையில் இருந்தபோது ஒரு நூலகத்தில் லிஃப்டைப் பழுதுபார்க்கப் போன இடத்தில், எழுநூறு வருஷத்து லத்தீன் கையெழுத்துப் பிரதி ஒன்றைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்த்தார். ஓரத்தில் ஒரு கழுதைப் படம். தொலைந்துபோன தன் கழுதையைப் பற்றி யாரோ ஒரு துறவி எழுதியதாம். கிடைத்ததா இல்லையா என்று அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை. "கழுதை கெட்டா குட்டிச்சுவர், வேற எங்கப்பா போகும்?" என்று மகள் சொல்லிப் பார்த்தாள். மனுஷன் கேட்டால்தானே! பிரதியின் நகலை வாங்கி வந்து, அறுபத்தேழு வயதில் லத்தீன் மாலை வகுப்பில் சேர்ந்தார். ஆரம்பப் பாடத்தில் விவசாயி, ராணி, தீவு, இவற்றை விட்டால் வேறு சங்கதியே கிடையாது. ஒரு வருஷம் முழுக்க அந்த வீட்டில் விவசாயிகள் ராணிக்கு ரோஜாப்பூ கொடுத்துக்கொண்டே இருந்தார்கள்.

பிறகு பார்வை மங்கியது. "இன்னும் முதல் பக்கத்துலயே நிக்கிறேம்மா," என்று அலுத்துக்கொண்டார். மாதம் ஒருமுறை எட்டிப் பார்த்த மகள், தினமும் வந்து உட்கார்ந்து வார்த்தை வார்த்தையாக அர்த்தம் தேடிச் சொன்னாள்.

கடைசி வரியில் கழுதை கிணற்றில் விழுந்து செத்துக் கிடந்தது. சாகக் கிடப்பவரிடம் அதைச் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. "வீட்டுக்கு வந்துடுச்சுப்பா. தானாவே," என்றாள், அகராதியிலிருந்து தலையைத் தூக்காமல். அவர் மெல்லத் தலையசைத்தார். சாயங்காலம் போய்விட்டார்.

மறுநாள், அவரோடு லத்தீன் படித்த முன்னாள் தபால்காரர் துக்கத்துக்கு வந்தார். மகளுக்கு மனசு அடித்துக்கொண்டது. "மாமா, கழுதை பிழைச்சுதுன்னு பொய் சொல்லிட்டேன். சாகுற நேரத்துல அப்பாவ ஏமாத்திட்டேன்."

"அவரையா? போன வருஷமே முழுசும் படிச்சு முடிச்சிட்டாரேம்மா! கழுதை செத்த அன்னிக்குச் சாப்பிடவே இல்ல. நான்தான் போய்த் துக்கம் விசாரிச்சேன்."

"அப்புறம் எதுக்கு என்னை வச்சு..."

"நீ தினமும் வர்றேன்னதும் திரும்ப முதல் பக்கத்துக்குப் போயிட்டார். 'அவசரமில்ல, மெதுவாப் படிக்கலாம்'னார்."

அவள் இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். குலுங்கிய தோளைப் பார்த்த சித்தி, பதறிப்போய்த் தண்ணீர் எடுக்க ஓடினாள். தண்ணீர் வந்து சேர்வதற்குள் அது அழுகையாகிவிட்டிருந்தது.