சுரங்கப்பாதையில் ஒரு கன்னம்

வார்டு கூட்டத்தில் தையல்கார அக்கா வாயைத் திறந்தது அன்றுதான் முதல் தடவை. தண்ணீர், சாக்கடை, தெருநாய் என்று எல்லாரும் கத்தி ஓய்ந்த பிறகு எழுந்து நின்று, "சுரங்கப்பாதைச் சுவர்ல இருக்கிற படத்தைக் கொஞ்சம் புதுப்பிச்சுக் கொடுங்க" என்றாள். அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டாள்.

வார்டு உறுப்பினருக்கு உயிர் வந்தது. அதுவரை வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தவருக்கு, சண்டை இல்லாத ஒரு கோரிக்கை. பக்கத்தில் இருந்த நகராட்சிக் கலைப்பிரிவு அலுவலரைத் திரும்பிப் பார்த்தார். சின்ன வயசுப் பெண். நல்ல பெண்ணும்கூட.

"கண்டிப்பா செய்யலாம்க்கா. மக்களே கேட்டாதான் எங்களுக்கும் தெம்பு" என்றாள் அவள். எல்லாரும் கைதட்டினார்கள்.

அந்தப் படத்தில் இருந்தவர்கள் எல்லாரும் அந்தப் பகுதி ஆட்கள். சில வருடங்களுக்கு முன் நகராட்சி ஓர் ஓவியரைக் கூப்பிட்டு வரையவைத்தது. பால்காரர், நர்ஸ், தெரு கூட்டுகிறவள், பள்ளி வேன் ஓட்டுகிறவர். ஒரு ஓரமாக, ஏணி உச்சியில் உட்கார்ந்து தெருவிளக்கை மாட்டிக்கொண்டிருப்பவன் தையல்கார அக்காவின் தம்பி. நகராட்சிக்கு ஒப்பந்தத்தில் விளக்கு மாட்டியவன். ஊரே அவனை பல்பு என்றுதான் கூப்பிட்டது. அசையாமல் இரு என்று ஓவியர் சொல்லச் சொல்ல, அவரையே கிண்டல் செய்து சிரித்துக்கொண்டிருந்தான். அவரும் சிரிப்பையே வரைந்துவிட்டார். அடுத்த வருடம் ஒருநாள் ஏணியிலிருந்து இறங்கி, நெஞ்சு அடைக்குது என்று நடைபாதையில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை.

வீட்டில் இருக்கும் புகைப்படங்களில் எல்லாம் அடையாள அட்டைக்கு நிற்பவன் போல விறைத்துக்கொண்டு இருப்பான். அவன் சிரிப்பது அந்தச் சுவரில் மட்டும்தான். தையல் கடைக்குப் போகும்போதும் வரும்போதும் அக்கா அதைக் கடந்துதான் போக வேண்டும். நின்று பார்த்ததில்லை, கண்ணீர் விட்டதில்லை. ஆள் நடமாட்டம் இல்லையென்றால் "வரேன்டா" என்பாள். போன மழையில் ஓதம் ஏறி அவனுடைய இடது கன்னம் பொக்கென்று பெயர்ந்து விழுந்தது. ஓதம் வாய்ப்பக்கம் போய்க்கொண்டிருந்தது. அதனால்தான் கூட்டத்தில் எழுந்தாள்.

அனுமதி கிடைத்துவிட்டது என்று செய்தி வந்தபோது, பஸ் ஓட்டும் அவள் புருஷன், "நீ ஒரு வார்த்தை சொன்னா நகராட்சியே அசையுது. நான் சொன்னா இந்த வீட்டுல ஃபேன்கூடச் சுத்தாது" என்றான். அவள் சிரித்தாள்.

வேலை தொடங்கிய அன்று கடையைத் திறக்காமல் சுரங்கப்பாதைக்குப் போனாள். ஃபிளாஸ்க்கில் டீ கொண்டுபோயிருந்தாள். ஆட்கள் தகடு வைத்துச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். நர்ஸின் கை பொடியாக உதிர்ந்தது. பால்காரரின் கேன் உதிர்ந்தது. அவளுக்குப் பதற்றமில்லை. காலரை மாற்ற வேண்டுமென்றால் முதலில் தையலைப் பிரித்துத்தான் ஆக வேண்டும். இதுவும் அப்படித்தான் என்று நினைத்து, எல்லாருக்கும் டீ ஊற்றிக் கொடுத்தாள்.

தகடு ஏணிக்கு வந்தபோதுதான் சொன்னாள். "மேஸ்திரி, அந்தப் பையனோட வாய் நல்லாத்தான் இருக்கு. அதைத் தொடாதீங்க."

"எந்த வாய்?"

"அதோ, ஏணில இருக்கானே."

"அம்மா, மொத்தச் சுவரும் போகுது. மீன் வரப்போகுது. நீலக் கலர்ல, பெரிசு பெரிசா."

அவர் சொல்லி முடிப்பதற்குள் தகடு கழுத்தைத் தாண்டித் தாடையையும் எடுத்துவிட்டது. அவள் போட்ட சத்தத்தில் பாதையில் போனவர்கள் நின்றுவிட்டார்கள்.

மேஸ்திரி கெட்டவர் இல்லை. "ஆபீசுல இருந்து ஒரு போன் வரட்டும், விட்டுடறேன். சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் இந்தப் பக்கம் வர மாட்டோம். ஓடுங்க" என்றார்.

நகராட்சி அலுவலகத்தில் கலைப்பிரிவு மாடிப்படிக்கு அடியில், பழைய நாற்காலிகளுக்கு நடுவே இருந்தது. அலுவலர் எழுந்து நின்று அவளுக்குத் தண்ணீர் கொடுத்தாள். எல்லாவற்றையும் கேட்டாள். அவள் முகமும் வெளிறிவிட்டது.

"நீங்கதானேக்கா புதுப்பிக்கணும்னு கேட்டீங்க?"

"ஆமா. இருக்கிறதைச் சரி பண்ணச் சொன்னேன்."

"எங்ககிட்ட புதுப்பித்தல்னா பழசை எடுத்துட்டுப் புதுசு போடறது. புதுப் படத்துக்குத்தான் நிதி."

"சரி பண்ணுங்கன்னு கேட்டிருந்தா?"

அலுவலர் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தாள். "அது பொறியியல் பிரிவுக்குப் போயிருக்கும். அவங்ககிட்ட வெள்ளை பெயிண்ட் மட்டும்தான் இருக்கு."

"அந்த ஒரு மூலையை மட்டும் விட்டுடுங்கம்மா. மீன் பாட்டுக்கு மீன் இருக்கட்டும்."

"முகமே வேண்டாம்னு மேல முடிவு பண்ணிட்டாங்கக்கா. என்னை ஏன் போடலைன்னு ஒருத்தர், அவளை ஏன் போட்டீங்கன்னு ஒருத்தர், ஒரே புகார். மூலையை விட்டா வேலை முடியலைன்னு நிதி திரும்பிப் போயிடும். இந்தப் பிரிவையே மூடறதுக்கு ஒரு சாக்கு கிடைக்கட்டும்னு காத்துட்டிருக்காங்க."

பிறகு கம்ப்யூட்டரில் எதையோ தேடினாள். பழைய படத்தின் திறப்பு விழாப் புகைப்படம். நகராட்சித் தலைவர் ரிப்பன் வெட்டுகிறார். அவர் தலைக்குப் பின்னால் ஏணி தெரிந்தது. ஏணியில் இருந்தவன் தெரியவில்லை.

"மன்னிச்சிருங்கக்கா" என்றாள் அலுவலர். அவள் மனசார மன்னிப்புக் கேட்டது அக்காவுக்குத் தெரிந்தது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

திரும்பி வந்தபோது ஆட்கள் கை கழுவிக்கொண்டிருந்தார்கள். மேஸ்திரி சொன்ன சொல் தவறவில்லை. மீதிப் பாதி முகம் அப்படியே இருந்தது. அக்கா போனை எடுத்துப் படம் பிடித்தாள். இத்தனை வருடத்தில் இதுதான் முதல் தடவை. தினமும் பார்ப்பதை யார் படம் எடுத்து வைக்கிறார்கள்? கன்னமும் தாடையும் இல்லாமல் அது சிரிப்பாக இல்லை. பல்வலிக்காரன் போல இருந்தது. அழித்துவிட்டாள்.

"என்னம்மா சொன்னாங்க?" என்றார் மேஸ்திரி.

விடச் சொல்லிவிட்டார்கள் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். இரண்டொரு நாள் தங்கியிருக்கும்.

"சுரண்டுங்க" என்றாள்.

அன்று ராத்திரி புருஷன், "உன் தம்பி பேரைக் காப்பாத்திட்ட. நகராட்சி உனக்கு நல்லா பல்பு கொடுத்திருக்கு" என்றான். சிரிப்பு வரவழைக்கத்தான் சொன்னான். அவள் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவனும் பாதியில் எழுந்துவிட்டான்.

மீன்கள் வந்தன. உண்மையிலேயே அழகாக இருந்தன. பிள்ளைகள் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். நர்ஸ், "நல்லவேளை, என் மூக்கைக் கோணலா வரைஞ்சிருந்தான்" என்றாள். திறப்பு விழாவில் வார்டு உறுப்பினர் அக்காவை மேடைக்கு அழைத்து, மக்கள் கேட்டால் நகராட்சி செய்யும் என்பதற்கு இவரே சாட்சி என்று சால்வை போட்டார். அவள் வாங்கிக்கொண்டாள். வேறென்ன செய்வது என்று தெரியவில்லை.

விழா முடிந்து எல்லாரும் போன பிறகு புருஷன் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"அவன் எந்த இடத்துல இருந்தான்?" என்றான் மெதுவாக.

"இங்கதான்" என்று ஒரு மீனின் வாலைக் காட்டினாள். காட்டிய கையை இறக்காமல் சற்று நகர்த்தினாள். "இல்ல, இதுக்கு அந்தப் பக்கம்." சுவர் முழுக்க ஒரே நீலம். மறுபடி நகர்த்தினாள். துணியைக் கண்ணால் பார்த்தே அளவு சொல்லுகிறவள் அவள்.

"தெரியல" என்றாள்.