இடது இருக்கை

"ரெண்டு சொட்டு, காலையில ஒருவாட்டி, படுக்கப்போறப்ப ஒருவாட்டி. காதுல தண்ணி படக்கூடாது" என்றார் டாக்டரம்மா.

"ரெண்டு சொட்டு. காலையில, படுக்கப்போறப்ப. காதுல தண்ணி படக்கூடாது" என்று எதிரே இருந்தவர் அப்படியே திருப்பிச் சொன்னார்.

டாக்டரம்மா பேனாவை மூடிவிட்டுச் சிரித்தார். "போன வாரம் ஒருத்தர் வந்தாரு. அவரும் உங்களை மாதிரியேதான், நான் சொல்லச் சொல்ல ஒப்பிச்சாரு. மரக்கடை வெச்சிருக்கேன்னாரு. கடைக்காரங்க எல்லாருக்குமே இந்தப் பழக்கம் உண்டா?"

டைல்ஸ் கடை வைத்திருப்பதாகச் சொல்லித்தான் அவர் இந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தொப்பி போட்டு, இரண்டு பஸ் மாறி, தெரிந்த முகம் ஒன்றுகூட இருக்காத ஊராகப் பார்த்து வந்தவர். எல்லாவற்றையும் மறைத்தவருக்கு நாக்கை மறைக்கத் தெரியவில்லை. விமான நிலைய டவரிலிருந்து வரும் கட்டளையை வார்த்தை பிசகாமல் திருப்பிச் சொன்னால்தான் விமானி அதைக் கேட்டதாகக் கணக்கு. ராணுவத்தின் பெரிய விமானங்களை ஓட்டி ஓட்டி அது எலும்பில் ஊறிப்போயிருந்தது. கடைக்குப் போகச் சொன்னால்கூட "உப்பு, சோப்பு, தீப்பெட்டி" என்று வாசலில் நின்று ஒப்பிப்பார். "நான் என்ன டவரா? போய்ட்டு வாங்க" என்று மனைவி விரட்டுவாள். மரக்கடைக்காரனுக்கு அந்தப் பழக்கம் எதற்கு? பாம்பின் கால் பாம்பறியும். அந்த மரக்கடை, தன்னுடைய விமானத் தளத்தில்தான் இருக்கிறது என்று அவருக்கு உடனே தெரிந்துவிட்டது.

"அவரு எப்படி இருப்பாரு? உயரமா?"

"அதெல்லாம் சொல்றதுக்கில்லைங்க" என்று டாக்டரம்மா மணியை அடித்தார்.

விமானிகளுக்கு நோய் வருவதில்லை. அப்படி ஒரு நம்பிக்கையைத் தளம் முழுக்கக் காப்பாற்றி வந்தார்கள். சளி பிடித்தால் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரிப்பார்கள், முதுகு பிடித்தால் நின்றபடியே டீ குடிப்பார்கள். தளத்து மருத்துவரிடம் போய் "இங்கே வலிக்கிறது" என்பது, கசாப்புக்கடைக்கு ஆடு வழி கேட்டுப் போவதற்குச் சமம். அவர் நல்ல மனிதர்தான். ஆனால் அவர் ஒரு கையெழுத்துப் போட்டால் விமானி தரையில். டைல்ஸ் கடைக்காரராக வேஷம் போட்டவருக்கோ இடது காது ஒரு வருடமாக மெல்லிய குரல்களைக் கைவிட்டிருந்தது. அடுத்த மாதம் பதவி உயர்வுக் குழு கூடுகிறது. இருப்பது ஒரே ஓர் இடம். கிடைத்தால் இன்னும் சில ஆண்டுகள் சீருடை, அதற்கப்புறம் சாகும்வரை அந்தப் பதவிக்கான ஓய்வூதியம். கிடைக்காவிட்டால் வயது வரம்பு வந்து இந்த வருடமே வீட்டுக்குப் போகச் சொல்லும். தளத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். காது கெட்ட செய்தி வெளியே வந்தாலோ பதவியும் இல்லை, பிறகு போகலாம் என்று வைத்திருந்த பயணிகள் விமான வேலையும் இல்லை. மகள் கல்லூரிக்குப் போக வேண்டிய வருடம் வேறு.

அந்த ஒரே இடத்துக்கு இன்னொருவனும் நிற்கிறான். இருவரும் ஒரே நாளில் பயிற்சிக்குச் சேர்ந்தவர்கள். அவன் நெடுநெடுவென்று இருப்பான், அதனால் கொக்கு. இவருக்கு எல்லாமே தாமதம், அதனால் ஆமை. மரக்கடை கொக்காக இருந்தால்?

"இருந்தா என்னங்க? அவரும்தானே மாட்டுவாரு. போட்டுக் குடுக்க மாட்டாரு" என்றாள் மனைவி. அவள் இப்போதெல்லாம் சாப்பாட்டு மேசையில் இவருக்கு வலப்பக்கம்தான் உட்காருவாள். யாரும் சொல்லி அல்ல.

"அவனுக்குக் காதுல ஒண்ணுமே இல்லாம, வெறும் மூக்கடைப்பா இருந்தா? அந்தம்மா அவன்கிட்டயும் டைல்ஸ் கடையைப் பத்திச் சொல்லியிருந்தா?"

"அவரு வந்தது போன வாரம்தானே? நீங்க இன்னிக்குத்தானே போனீங்க. எப்படிச் சொல்லியிருக்க முடியும்?"

"திரும்பப் போவான்ல?"

மனைவி தட்டை எடுத்துக்கொண்டு போனாள். அவள் முகத்தைப் பார்த்தபோது, இவள் வேறு யாரிடமாவது உளறியிருப்பாளோ என்று ஒரு கணம் தோன்றியது. தோன்றியதற்காக அவருக்கே வெட்கமாக இருந்தது.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். மறுநாள் விமானிகள் அறையில் அவருக்கு ஒவ்வொரு தலையிலும் காது மட்டும்தான் தெரிந்தது. ஒருவன் தலையைச் சாய்த்துக் கேட்டான்; இவனோ? ஒருவன் "என்ன சொன்னே?" என்றான், அவனோ? கொக்கு சூயிங்கம் மென்றுகொண்டு ஜன்னலோரம் நின்றான். அவன் நகைச்சுவைகளுக்குக் கொஞ்சம் பிந்திச் சிரிப்பதாகப் பட்டது. எப்போதும் அப்படித்தான் சிரிப்பானா? இத்தனை வருட நண்பன் எப்படிச் சிரிப்பான் என்பதுகூட அவருக்கு நினைவுக்கு வரவில்லை. கொக்குக்குப் பின்னால் போய் ஸ்பூனைக் கீழே போட்டார். கொக்கு சட்டென்று திரும்பி, முதலில் ஸ்பூனைப் பார்த்தான், பிறகு இவரைப் பார்த்தான். கொஞ்சம் அதிக நேரம் பார்த்தான்.

"கை நழுவிடுச்சு" என்றார்.

"ம்" என்றான் கொக்கு.

மாலையில் ஓடுபாதை ஓரமாக நடந்தபோது கொக்கு பின்னாலிருந்து வந்து சேர்ந்துகொண்டான். வந்தவன் இடப்பக்கமாக வந்தான். தூரத்தில் ஒரு எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. கொக்கு தரையைப் பார்த்தபடி ஏதோ சொன்னான். நீளமாகச் சொன்னான். கடைசியில் கேள்வி போல முகத்தைத் தூக்கினான். மறுபடி சொல்லச் சொன்னால் தீர்ந்தது கதை. ஆமை சிரித்துக்கொண்டே தலையை ஆட்டிவைத்தார்.

"நெஜமாவா?" என்றான் கொக்கு. அது மட்டும் கேட்டது.

"நெஜமாத்தாண்டா."

கொக்கு இவர் தோளைத் தட்டிவிட்டுப் போனான். எதற்குச் சம்மதித்தோம் என்று தெரியாமல் அன்று இரவு அவருக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் காலையில் பணிப் பலகையைப் பார்த்தபோது தெரிந்தது. விடுமுறைக்குப் போகும் சிப்பாய்களை ஏற்றிச்செல்லும் விமானம். இடது இருக்கை கொக்கு, வலது இருக்கை ஆமை.

"என்னப்பா இது, நான் எப்பவும் இடதுதானே?" என்று பலகை எழுதுபவரைக் கேட்டார்.

"நீங்களே ஒத்துக்கிட்டீங்கன்னு சொன்னாங்களே சார்."

விமானத் தலைவர் உட்காரும் இடம் இடது இருக்கை. அதில் உட்கார்ந்தால் கெட்ட காது ஜன்னலுக்கு, நல்ல காது துணை விமானிக்கு. அதனால்தான் இத்தனை நாள் வண்டி ஓடியது. வலது இருக்கையில் எல்லாம் தலைகீழ். கெட்ட காது கொக்கின் பக்கம். இது தெரிந்து செய்த வேலையா? இல்லை, கொக்குக்கும் கெட்டது இடது காதுதானா? தலையாட்டித் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டதை நினைத்து அவருக்கு ஆத்திரமாக வந்தது.

விமானம் ஏறும்வரை ஒரு குறையும் இல்லை. ஹெட்போனில் வலது காது எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டது. கொக்கு ஓட்டினான், டவரோடு பேசுவது ஆமையின் வேலை. பின்னால் சிப்பாய்கள் மூட்டைகளைக் கட்டிக்கொண்டு தூங்கினார்கள். இறங்கத் தொடங்கியபோது டவர் குரல் வந்தது. கீழே இன்னொரு விமானம் குறுக்கே போகிறது, சொல்லும் உயரத்துக்குக் கீழே இறங்காமல் நிற்கவும்.

தெளிவாகக் கேட்டது. பதில் சொல்ல விரல் பொத்தானுக்குப் போனது. அங்கேயே நின்றது. பார்ப்போமே, இவனுக்குக் கேட்டதா என்று. இதைவிட நல்ல சந்தர்ப்பம் வாய்க்காது. ஒரு மூச்சு நேரம்தானே. அவர் ஒன்றுமே கேட்காதவர் போல முன்னால் மேகத்தைப் பார்த்தார். ஓரக்கண்ணில் கொக்கின் கை. உயரம் காட்டும் முள் இறங்கிக்கொண்டிருந்தது. டவர் மறுபடி அழைத்தது, இம்முறை குரலில் அவசரம். பின்னால் யாரோ தூக்கத்தில் இருமினார்கள். தான் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்று ஆமைக்கு அப்போதுதான் உறைத்தது.

விமானத்தின் மூக்கு மெல்ல நிமிர்ந்தது. முள் சொன்ன இடத்தில் அப்படியே நின்றது. கொக்கு தன் பொத்தானை அழுத்தி, கட்டளையை ஒரு வார்த்தை பிசகாமல் டவருக்குத் திருப்பிச் சொன்னான்.

ஆக, கொக்குக்குக் கேட்டிருக்கிறது. பதில் சொல்லாமல் உட்கார்ந்திருந்தது, பதில் சொல்ல வேண்டியவர்.

எனக்கும் கேட்டதுடா என்று சொல்ல வாயெடுத்தார். கேட்டும் ஏன் சும்மா இருந்தாய் என்று அவன் கேட்டால்? செவிடு என்று ஒத்துக்கொள்வதைவிட அது கேவலமாக இருந்தது. வாயை மூடிக்கொண்டார்.

கொக்கு இவர் பக்கம் திரும்பினான். முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. அந்த நீளக் கையை நீட்டி, ஆமையின் ஹெட்போனுக்கான ஒலித் திருகைப் பிடித்தான். மெதுவாக, முடிகிற மட்டும் கூட்டி வைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டான். டவரின் அடுத்த வார்த்தை ஆமையின் நல்ல காதில் சம்மட்டியாய் இறங்கியது. அவர் திருகைத் தொடவில்லை.