சீனி இனிக்காத வேளைகள்

ஷஃபீகாவின் மகள் ஸமீஹாவுக்கு வலிப்பு வந்தால், மேலப்பாளையத்தில் அவர்கள் தெருவிலிருந்த சீனி முழுக்க இனிப்பை இழந்துவிடும். வலிப்பு நின்றதும் திரும்பிவிடும். பிள்ளையின் ஒன்றரை வயதில் தொடங்கியது. ஐந்து வயதுக்குள் தெரு பழகிவிட்டது. முனையில் டீக்கடை வைத்திருந்த நேசையாவுக்குத்தான் ஏச்சு. "என்ன வே, மணலையா அள்ளிப் போட்டீரு?" என்பார்கள். "பைய குடியும், கடைசி மடக்குல இனிக்கும்" என்பார். தன் மேல் பழி நிற்கக் கூடாதென்று, டீ சப்பென்று போகும்போதெல்லாம் நேரத்தை எழுதி, சுவரில் கரியால் ஒரு கோடு கிழித்து வைத்தார்.

குழந்தைகளின் வலிப்பை ஆராயும் டாக்டர் ஃபெபி பாளையங்கோட்டையிலிருந்து வந்தபோது யாரும் மதிக்கவில்லை. இதற்கு முன் மூன்று டாக்டர்கள் வந்து விவரம் எழுதிக்கொண்டு போனார்கள், ஒருத்தரும் திரும்பவில்லை. வாரத்துக்கு எத்தனை தடவை என்று ஃபெபி கேட்டாள். கைகால் வெட்டி இழுப்பதை மட்டும் எண்ணியிருந்த ஷஃபீகா, இரண்டு என்றாள். டீக்கடைச் சுவர் பத்தொன்பது என்றது. பிள்ளை சும்மா வெறித்துப் பார்த்தபடி நிற்பதும் வலிப்புதான் என்பது சீனியைத் தவிர யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. பெரும்பாலான கோடுகள் காலையில் பசியாறுவதற்கு முன்னால் விழுந்தவை. அதைப் பார்த்த பிறகுதான் ஃபெபி பிள்ளையின் முதுகில் ஊசி போட்டு நீரெடுத்துச் சோதித்தாள். ரத்தத்தில் சீனி சரியாக இருந்தது, முதுகு நீரில்தான் குறைவு. மூளைக்குள் அது போகும் வழி பிறவியிலேயே குறுகல்.

"அப்பம் வயிறு ரொம்பியும் மண்டை பட்டினியாவா கெடந்துச்சு?" என்று நேசையா கேட்டார்.

"ஆமா அண்ணாச்சி."

ஸமீஹாவுக்குச் சோறும் சீனியும் நின்றன. தேங்காயெண்ணெய், வெண்ணெய், முட்டை எல்லாம் நிறுத்து அளந்து கொடுக்கப்பட்டன. கொழுப்பு வேறு வழியாக மூளைக்குப் போய்விடுமாம். வியாழக்கிழமைதோறும் ஃபெபி வந்து சுவரைப் பார்த்துப் போனாள். நாற்பது நாள் ஒரு கோடும் விழவில்லை.

நாற்பத்தோராம் நாள் பெருநாள். பிள்ளைகள் கையிலெல்லாம் அல்வா; ஸமீஹா மட்டும் வெறுங்கையோடு டீக்கடை வாசலில் நின்றாள். அஸர் தொழுகைக்குப் பிறகு டீ சப்பென்று போனது. "எவம்லே பிள்ளைக்குக் கொடுத்தது?" என்று தெருவே வீடு வீடாக ஏறி இறங்கியது. நேசையா கரியை எடுத்துக் கோடு கிழித்தார். பக்கத்தில் தன் பெயரை எழுதினார்.

இப்போது ஸமீஹா மூன்றாம் வகுப்பில் படிக்கிறாள். என்றைக்காவது டீ இனிக்காவிட்டால் அந்தத் தெருவில் யாரும் சீனி கேட்பதில்லை. கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, பிள்ளை எங்கே என்று பார்க்க எழுந்து போகிறார்கள்.