பூ கட்டிப் பார்த்த வண்டி

ராஜாராமிடம் கலவை மிஷின் இருந்தது. கலவை அள்ளவும் சுமக்கவும் பன்னிரண்டு ஆட்கள் இருந்தார்கள். மிஷினை இழுத்துப் போக மட்டும் வண்டி இல்லை. யானை வாங்கினவன் அங்குசத்துக்கு அலைந்த கதைதான். வாடகை டிராக்டரை நம்பியே பத்து வருஷம் ஓட்டிவிட்டான். விதைப்புக் காலம் வந்தால் டிராக்டர்காரனுக்கு இவன் ஞாபகமே வராது. போன மாதம் மண்டகப்பட்டில் ஒரு வீட்டுக்குத் தளம் போட நல்ல நேரம் குறித்திருந்தார்கள். நல்ல நேரம் போய், ராகு காலம் போய், எமகண்டமும் பாதி போன பிறகுதான் மிஷின் போய்ச் சேர்ந்தது. வீட்டுக்காரர் ராஜாராமைப் பார்த்த பார்வையிலேயே தளம் இறுகிவிட்டது.

அந்தச் சேதி இன்ஜினியர் சுமலதா காதுக்கும் போனது. பனமலையில் ஏரிக்கரையைத் தாண்டி ஒரு கல்யாண மண்டபம் கட்டும் வேலை அந்த அம்மாவுடையது. ராஜாராமின் ஆட்களுக்கு நாலு மாதம் அசையாத வேலை.

"சொந்த வண்டி வச்சிக்கிட்டு வாங்க. அடுத்த புதன்கிழமை காலைல எட்டு மணிக்கு மிஷின் கரை மேல நிக்கணும். இல்லன்னா விழுப்புரம் ஆளுக்குக் குடுத்துடுவேன்" என்று போனில் சொல்லிவிட்டார்.

வாங்க இரண்டு வண்டிகள் கிடைத்தன. இரண்டும் கை மாறி வந்த சின்ன லோடு வண்டிகள். ஒன்று பெட்ரோல். திண்டிவனம் ரோட்டில் ஒரு ஷெட்டில் வெள்ளை வெளேரென்று நின்றது. சாவியைத் திருப்பினால் ஓடுகிறதா இல்லையா என்று காதை வைத்துப் பார்க்க வேண்டும். பாட்டுப் பெட்டி வேறு. இன்னொன்று டீசல். அவலூர்பேட்டை காய்கறி வியாபாரி ஒருவருடையது. ஸ்டார்ட் செய்தால் தெருவே திரும்பிப் பார்க்கும். ஆறு வருஷம் வெங்காயம் ஏற்றி ஏற்றி, இருக்கை வரைக்கும் வெங்காய வாடை.

ராஜாராமின் மனசு எந்தப் பக்கம் சாய்ந்தது என்று சொல்லவா வேண்டும்? ஆனால் அவன் வெள்ளையைப் பார்த்து மட்டும் மயங்கவில்லை. அவலூர்பேட்டையில் அவன் சகலை எழிலன் இருந்தான். மனைவியின் தங்கை புருஷன். கார் வைத்திருப்பவன். ஒவ்வொரு விசேஷத்துக்கும் ராஜாராம் பைக்கில் புழுதியோடு போய் இறங்கும்போது, "இன்னா சகல, காத்து நல்லா வந்துச்சா?" என்று கேட்பான். அந்த வாய் முன்னால் அதே ஊரின் வெங்காய வண்டியை ஓட்டிக்கொண்டு போவதா? செத்தாலும் மாட்டான்.

மெக்கானிக் குருவை அழைத்துப் போய் இரண்டையும் காட்டினான். குரு இரண்டுக்கும் கீழே படுத்து எழுந்தான். கையைத் துடைத்துக்கொண்டே சொன்னான்.

"அண்ணே, பெட்ரோலு ஓடறதுக்கு, டீசலு இழுக்கறதுக்கு. உன் மிஷினு ஒரு டன்னுக்கு மேல இருக்குது. தார் ரோட்ல ரெண்டும் இழுக்கும். பனமலை கரை ஏத்தத்துல பாதில நின்னுட்டு மறுபடி எடுக்கணும்னா, டீசலுக்கு மெதுவா போவும்போதே இழுவ இருக்குது. இந்த பெட்ரோலு ரேஸ் குடுத்தாதான் எழுந்திருக்கும். கிளட்சு கருகிடும்."

"அப்ப ஏறவே ஏறாதா?"

"ஏறலாம். ஏறாமயும் போவலாம்."

ராஜாராமின் காதில் "ஏறலாம்" மட்டும் விழுந்தது. மிச்சம் காற்றோடு போய்விட்டது.

வீட்டில் மனைவி மீனம்பாள் இருந்தாள். அந்தப் பன்னிரண்டு பேருக்கும் அவள்தான் தலை. எத்தனை சட்டி ஜல்லிக்கு எத்தனை சட்டி மணல் என்பதில் அவள் சொல்தான் சட்டம். குரு சொன்னது அவனுக்கு முன்னால் வீடு வந்து சேர்ந்திருந்தது.

"மாடு வாங்கப் போனா பல்லப் புடிச்சிப் பாப்பாங்க. நீ கொம்புல இருக்கற வர்ணத்தப் பாத்துட்டு வந்திருக்கியேய்யா!"

"வண்டி ஓட்டறது நான்."

"ஏறலன்னா பின்னாடி நின்னு தள்ளறது நாங்க."

மூன்று நாள் இதே பேச்சு. நாலாம் நாள் இருவருக்கும் தொண்டை கட்டிவிட்டது. கடைசியில் மீனம்பாள்தான், "வெள்ளிக்கிழம மந்தவெளி அம்மன் கோயில்ல பூ கட்டிப் பாத்துடுவோம். ஆத்தா சொல்றத நானும் கேட்டுக்கறன், நீயும் கேட்டுக்கோ" என்றாள்.

பூ கட்டிப் பார்ப்பது அந்தப் பக்கத்தில் பெண் பார்ப்பதிலிருந்து போர்வெல் போடுவது வரைக்கும் உள்ள வழக்கம். இரண்டு வாழையிலைத் துண்டுகளில் வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று. நாரால் கட்டி அம்மன் காலடியில் வைக்க வேண்டும். பூசாரி கண்ணை மூடி ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் பெட்ரோல், சிவப்பு வந்தால் டீசல் என்று பேசி முடித்தார்கள். பொட்டலம் கட்டும் பொறுப்பை ராஜாராம் தானாகவே முன்வந்து ஏற்றுக்கொண்டான். ஒரு துரும்பைக்கூட நகர்த்தாத மனிதன் அன்றைக்கு விடியலில் எழுந்து வாழையிலை அறுத்தான்.

கட்டினான். இரண்டிலும் நந்தியாவட்டை. இரண்டும் பால் வெள்ளை.

பயம் இல்லாமல் இல்லை. "ஆத்தாவுக்குத் தெரியாத ரகசியமா? வேணாம்னா அவளே தடுக்கட்டும்" என்று பாரத்தைத் தூக்கி அம்மன் தலையிலேயே போட்டுவிட்டான். திருட்டுக்குத் துணையாக தெய்வத்தையே கூப்பிட்டவன் அவனாகத்தான் இருப்பான்.

கோயில் வாசலில் பையை மீனம்பாளிடம் கொடுத்துவிட்டுப் போய்க் கற்பூரமும் தேங்காயும் வாங்கி வந்தான். பூசாரி பொட்டலங்களை அம்மன் காலடியில் வைத்து, கண்ணை மூடி, ஒன்றை எடுத்து, நாரை அவிழ்த்தார். ராஜாராம் ஆச்சரியப்படுவதற்காக முகத்தைத் தயாராக வைத்திருந்தான்.

உள்ளே இருந்தது செவ்வரளி.

"டீசலு" என்றார் பூசாரி.

ராஜாராமுக்குத் தயார் செய்த ஆச்சரியம் தேவைப்படவில்லை. அசல் ஆச்சரியமே வந்துவிட்டது. தன் கையால் வைத்த வெள்ளைப் பூ! யாரிடம் சொல்வான்? திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்த முடியுமா? அம்மனின் கண்மலர் தன்னையே முறைப்பது போல இருந்தது. கன்னத்தில் போட்டுக்கொண்டான். "தாயே, தப்பு பண்ணிட்டன். அதுக்காக பனமலை வேலையப் புடுங்கிடாத. பன்னெண்டு பேரு வயித்துப் பாடு. மிஷினு கரை ஏறிடுச்சின்னா மொட்ட போட்டுக்கறன்" என்று வாய்க்குள்ளேயே வேண்டிக்கொண்டான்.

அன்றைக்கே வெங்காய வண்டியை வாங்கினான். அவலூர்பேட்டை கடைத்தெருவில் எழிலன் சிரித்துக்கொண்டே, "இன்னா சகல, உரிக்கறதுக்கா வாங்கற?" என்று கேட்டான். ராஜாராம் சாவியைத் திருப்பி வண்டியைக் கிளப்பினான். அம்மனே முறைத்த பிறகு சகலை எம்மாத்திரம்?

புதன்கிழமை காலை. பின்னால் கொக்கியில் மிஷின். பனமலை ஏரிக்கரை ஏற்றத்தின் பாதியில் எதிரே ஆட்டு மந்தை வந்தது. நிறுத்தத்தான் வேண்டியிருந்தது. முன்னால் செங்குத்து, பின்னால் ஒரு டன் இரும்பு. கடைசி ஆடு நகர்ந்ததும் கிளட்சை மெல்ல விட்டான். வண்டி ஒரு முறை உறுமியது, கரும்புகை கக்கியது, பிறகு செக்கு மாடு போல அவசரமே இல்லாமல் மிஷினை மேலே கொண்டு போய் நிறுத்தியது. மணி ஏழே முக்கால். சுமலதா, "நேரத்துக்கு வந்துட்டீங்களே!" என்றார். ராஜாராமுக்கு அழுகை வந்துவிட்டது. புகை கண்ணில் பட்டதாகச் சொன்னான்.

ஞாயிற்றுக்கிழமை மந்தைவெளி அம்மன் கோயில் வாசலில், முடி எடுப்பவர் முன்னால் தலையைக் குனிந்து உட்கார்ந்தான். பக்கத்தில் மீனம்பாள்.

"யாருக்கும் சொல்லாம இன்னாய்யா திடீர் வேண்டுதல்?"

பாதித் தலை போனபோது அவனால் அடக்க முடியவில்லை. "மீனா, ஒண்ணு சொல்றன், திட்டாத. நான் ரெண்டுலயும் வெள்ளப் பூதான் வெச்சன். ஆத்தாதான் செவப்பா மாத்திட்டா. கண்ணால பாத்தன்."

கத்தி மறு பாதியையும் முடித்து, பிடரி வரை வழித்து, தலை வெயிலில் மின்னும் வரைக்கும் மீனம்பாள் காத்திருந்தாள். பிறகு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினாள்.

"ஆத்தாவுக்கு வேற வேல இல்ல பாரு! நீ கற்பூரம் வாங்கப் போனப்ப நான்தான் பிரிச்சிப் பாத்தன். விடிகாலைல எழுந்து வாழையில அறுக்கறவனா நீ? ஒண்ணுல இருந்தத எடுத்துட்டு ஆத்தாவுக்குக் கொண்டாந்த அரளிய வெச்சிக் கட்டனன்."

ராஜாராம் தலையைத் தடவிப் பார்த்தான். தடவ ஒன்றும் இல்லை. கோபம் பொங்கி வந்தது. வந்த கோபம் ஒரு இடத்தில் இடித்து நின்றது.

"ஒண்ணுலயா? ஒண்ணுல மட்டுமா?"

"ஒண்ணுலதான். இன்னொண்ணுல உன் வெள்ள அப்படியேதான் இருந்துச்சி."

"அப்ப வெள்ள வந்திருந்தா?"

"பெட்ரோல் வண்டியத்தான் வாங்கியிருப்போம். பனமலை போனா போவுதுன்னு நெஞ்சக் கெட்டியா புடிச்சிக்கினு நின்னன்."

"ரெண்டுலயும் அரளிய வெச்சிருக்கலாமேடி!"

"நீ திருடன். நானும் திருடின்னா, அப்பறம் நம்ம வூட்ல யாரு பேச்ச யாரு நம்பறது?" என்றாள் மீனம்பாள். அவள் முகத்தில் இப்போது சிரிப்பில்லை.

வெட்கம் ராஜாராமின் உச்சந்தலையிலிருந்து இறங்கியது. மறைக்க ஒரு மயிர்கூட இல்லை.

முடி எடுத்தவர் கத்தியைத் துடைத்துக்கொண்டே, "மீசைய வுட்டுடலாமில்ல?" என்று கேட்டார்.

"அதையும் எடுத்துடுய்யா" என்றான் ராஜாராம்.